நிதிப் படிப்பு: கைச்செலவில் தொடங்கி முதலீடு வரை, எதை எந்த வரிசையில் படிப்பது?

செக்காலை_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேற்கொண்டு நிதி எடுத்துப் படிக்க ஆசை. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

வகுப்பில் மூலதனக் கட்டமைப்பு, பங்காதாயக் கொள்கை என்று பெரிய கம்பெனிகளின் விவகாரம்தான் பாடம். மார்க்கும் நன்றாகவே வருகிறது. ஆனால் அதே வகுப்பில் இருக்கும் எங்களில் பல பேருக்கு, மாதக் கடைசியில் கையில் ஏன் காசு தங்கவில்லை என்று சொல்லத் தெரியாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. ஏறிய வாரத்திலேயே ரீசார்ஜ், பஸ், ஜெராக்ஸ் என்று கரைந்துவிடுகிறது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் வந்தால் நல்லதா கெட்டதா என்று கேட்க ஆள் இல்லை. சொந்தக்காரப் பையன்கள் ஆளுக்கொரு ஆப்பைக் காட்டி ஷேர் வாங்கச் சொல்கிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் பலகாரத் தொழில் செய்கிறார்கள். கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்றால் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று ஆர்டர் குவியும். நான் நிதி படிக்கப் போகிறேன் என்றதும் பெரியப்பா, "வட்டிக் கணக்குப் படிக்கக் காலேஜுக்கா போகணும்? இந்த மண்ணுல பொறந்தா அது ரத்தத்துலயே ஊறியிருக்கும்" என்கிறார்.

சொந்தக் காசை ஆளுவதிலிருந்து முதலீடு வரை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? கல்லூரிப் பாடம் இதற்கு உதவுமா, இல்லை இது வேறு, அது வேறா?

தேவகோட்டை_ஆசிரியை:

வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் முதலில் நான் வருகிறேன். இரண்டும் ஒன்றுதான் அம்மா. கம்பெனிக்குச் சொல்லும் அத்தனையும் குடும்பத்துக்கும் பொருந்தும். வகுப்பில் அதைப் பொருத்திக் காட்டாமல் விடுகிறோம் என்பதுதான் குறை, அது எங்கள் பக்கத்துக் குறை.

நீங்கள் ஏற்கெனவே படித்த பாடத்தையே எடுங்கள். முதலாண்டில் நிதிநிலை அறிக்கை தயாரித்தீர்கள் அல்லவா? அதே படிவத்தில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். என்னிடம் இருப்பவை ஒரு பக்கம், நான் கொடுக்க வேண்டியவை மறுபக்கம். செல்போன் தவணை பாக்கி, தோழியிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் வர வேண்டும். அடுத்து மூன்று மாத வரவு செலவு. இதை எழுதாமல் மியூச்சுவல் ஃபண்ட் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்கடுத்து பணத்தின் கால மதிப்பு, அதாவது இன்றைய ரூபாயும் நாளைய ரூபாயும் சமமல்ல என்ற பாடம். தேர்வில் பத்து மார்க் கணக்காக வந்துபோகும் இந்தப் பாடம்தான் மொத்த நிதிப் படிப்புக்கும் முதுகெலும்பு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருடம் ஏறக்குறையக் கிடைக்கும். 7 சதவீத டெபாசிட்டில் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், மீதிக்கு மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி ஓடுகிற கார்டுகள் இருக்கின்றன. ஒன்றுமே கட்டாமல் விட்டால் அந்தக் கடன் 20 மாதத்தில் இரட்டிப்பு. உங்களுக்கு வரும் அழைப்புக்கு இந்தக் கணக்கே பதில். முழுத் தொகையையும் தவணைத் தேதிக்குள் கட்ட முடிகிறவர்களுக்கு மட்டுமே கார்டு.

கோட்டையூர்_தம்பி:

மரியாதையோடு மாறுபடுகிறேன் டீச்சர். மூன்று வருடம் பி.காம், இரண்டு வருடம் எம்.பி.ஏ என்று ஐந்து வருடம் போவதற்குள் சந்தையில் இறங்கிக் கற்றுக்கொண்டால் கையில் காசும் இருக்கும், அனுபவமும் இருக்கும். என் நண்பர்கள் ஆப்ஷனில், அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஒப்பந்தங்களில், வாரா வாரம் வியாபாரம் செய்கிறார்கள். யூடியூபில் தமிழிலேயே எல்லாம் கிடைக்கிறது. பட்டம் எதற்கு?

ஆத்தங்குடி_கணக்கர்:

தம்பி, உங்கள் நண்பர்கள் லாபம் வந்த வாரத்தைத்தான் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கான புரோக்கர் அறிக்கையை, வரி போக எவ்வளவு மிச்சம் என்பதோடு காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பழைய_பேரேடு:

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோட்டையூர்த் தம்பிக்கு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல், ஆளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 லட்சம். அந்த நூறு பேரில் மிஞ்சிய ஏழு பேரில் நாம் இருப்போம் என்று நம்பி, அப்பா அம்மா பலகாரம் சுட்டுச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உங்கள் நண்பர்கள் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும், எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவை பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள்.

இப்போது மாணவிக்கு. ஆத்தா, உன் பெரியப்பா சொல்வது போல ரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை. படிப்பித்துத்தான் வந்தது. அந்தக் காலத்து நகரத்தார் (செட்டியார்) வட்டிக்கடைகளில், பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையனைப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகுபவனாகச் சேர்ப்பார்கள். கணக்கெழுதப் பழகி, வட்டிச் சிட்டை போட்டு, பிறகு அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை), பல வருடம் கழித்துத்தான் ஏஜெண்டாக ஒரு கடையை நம்பி ஒப்படைப்பார்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர், தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை (சொத்து, கடன் அறிக்கை) எடுத்து, ஒவ்வொரு பற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சொந்த முதல் எவ்வளவு, பிறர் போட்ட மேல்பணம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுவார்கள். நீ படிக்கும் பங்கு மூலதனமும் கடன் மூலதனமும் அதுதான். நடப்பு வட்டியை ஊரில் ஒவ்வொருவர் இஷ்டத்துக்கு விடாமல், பர்மாவின் ரங்கூனில் கோவிலில் கூடி முடிவு செய்தார்கள். இத்தனை ஒழுங்கும் ஒரு படிப்புதான். பல்கலைக்கழகம் என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை.

ஆனால் இந்தப் பெருமையோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தப் படிப்பு எங்கே போதாமல் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று அங்கே அமைந்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி. அதில் பெரும்பகுதி கீழ் பர்மாவின் நெல் விவசாயத்தை நம்பியிருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தது, நெல் விலை பாதியளவுக்கு விழுந்தது. கடன் வாங்கியவர்களால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கைக்கு வந்தது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் வசம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. ஏட்டில் சொத்து பெருகிக்கொண்டே போகிறது, பெட்டியில் ரொக்கம் இல்லை. 1942-இல் ஜப்பான் வந்தது, சனங்கள் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசவுடைமை ஆக்கச் சட்டம் போட்டது.

இதை நான் ஊர்க்கதையாகச் சொல்லவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடன் வாங்கியவரின் வருமானம் நெல்லிலிருந்து வந்தது. அடமானமாக வைத்த நிலத்தின் மதிப்பும் நெல்லை வைத்தே நின்றது. எனவே கடன் திரும்பாத அதே நாளில் அடமானமும் விலை போகாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கடனும் பத்திரமானதுதான், நூற்றுக்கு நூறு ஈடு இருக்கிறது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பந்தயம். இன்றைக்கும் நம் ஊரில் கடை காரைக்குடியில், வீடு காரைக்குடியில், முதலீடு என்று வாங்கிப் போட்ட மனை புதுக்கோட்டை ரோட்டில் என்று இருப்பவர்களைப் பார்க்கிறேன். கல்லூரியில் முறையாகப் படிப்பதன் பயன் இங்கேதான். உன் முன்னால் வரும் எதையும் "எத்தனை வட்டி?" என்று கேட்டுவிட்டு நிறுத்தாமல், "போட்ட பணம் என்றைக்குத் திரும்பும்? எது நடந்தால் திரும்பாது? அது நடக்கிற நாளில் என் மற்ற பணம் எங்கே இருக்கும்?" என்று கேட்க வைக்கும்.

சிங்கப்பூர்_கண்டனூரான்:

ஐயா, நன்றாக எழுதினீர்கள். ஆனால் பர்மா விஷயத்தில் நம் முன்னோர் மேல் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறீர்கள் என்று படுகிறது. எங்கள் ஐயாவின் அப்பச்சி மோல்மீன் பக்கம் கடை வைத்திருந்தவர். நெல் விலை விழுந்ததற்கு அவர் என்ன செய்வார்? போர் வரும் என்று எந்தப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது? அரசியல் வந்து பிடுங்கியதை நிதித் தவறு என்று சொல்ல முடியுமா? நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அங்கே பழி வேறு. அவர்கள் கேட்டது பணம், வந்தது நிலம்.

பழைய_பேரேடு:

தம்பி, பழி போட நான் யார்? நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை என்பது எனக்கும் தெரியும். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும் அது பெரிய கொடுமை, அதையும் மறைக்க வேண்டாம்.

போரை யாராலும் கணிக்க முடியாது, சரி. ஆனால் கணிக்க முடியாது என்பதற்காகத்தானே பிரித்துப் போடச் சொல்கிறார்கள்? பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் பர்மாவில் தொழில் தொடங்கியவர்கள்தான். 1930-களிலேயே முதலைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து உற்பத்தித் தொழிலுக்குத் திரும்பினார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை, அடுத்துப் பினாங்கு. அந்நியச் செலாவணி வியாபாரம், பல நாட்டு வாடிக்கையாளர். ரங்கூன் கிளை போனாலும் வங்கி போகவில்லை. அதே காலத்தில், அதே ஊர்க்காரர்கள், அதே போரைப் பார்த்தவர்கள்தான் இவர்களும்.

தேவகோட்டை_ஆசிரியை:

ஐயா சொல்வதை நான் வகுப்பில் வேறு விதமாகச் சொல்வேன். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். ஒரு முதலீட்டைத் தனியாக வைத்து அதன் ஆபத்தை அளக்காதே, மற்றவற்றோடு சேர்ந்து அது எப்படி நடக்கிறது என்று பார். மாணவர்கள் சூத்திரத்தை எழுதிவிடுகிறார்கள், இரண்டு முதலீடுகள் சேர்ந்து ஏறி இறங்குவதை அளக்கும் கோவேரியன்ஸ் கணக்கும் போடுகிறார்கள். பர்மா நெல்லையும் அடமான நிலத்தையும் சொன்னால்தான் முகம் மாறுகிறது.

கண்டனூரான் தம்பியின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் பர்மாவை விட்டு வந்த கதை உண்டு.

புதுவயல்_குழுத்தலைவி:

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறேன். எங்களுக்கு அன்றாடம் வரும் சிக்கலுக்கு இந்தப் படிப்பில் விடை இருக்கிறதா? எங்கள் குழுவில் ஒரு பெண், மகனுக்கு வண்டி எடுக்க 1 லட்சம் கடன் வாங்கினாள். 12 சதவீதம் என்றுதான் கடையில் சொன்னார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதானே, பரவாயில்லை என்று நானும் சொன்னேன். 12 தவணை, மாதம் 9,334 ரூபாய். கட்டி முடிப்பதற்குள் திணறிவிட்டாள். இன்னொருத்தி தண்டலில் 9,000 வாங்கி, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிறாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்கிறாள். எது மேல்?

செக்காலை_மாணவி:

அக்கா, இதை எக்செலில் ரேட் ஃபங்ஷன் வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

வண்டிக் கடனில் 12 சதவீதம் என்பது பிளாட் வட்டி. 1 லட்சத்துக்கு 12,000 வட்டி என்று முதலிலேயே சேர்த்து, 12-ஆல் வகுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஆறாவது மாதம் அந்தப் பெண்ணின் கையில் இருப்பது ஏறக்குறையப் பாதிக் கடன், வட்டி மட்டும் முழு 1 லட்சத்துக்குப் போகிறது. குறையும் அசலுக்குப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம் வருகிறது. அதாவது நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி இல்லை, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ரூபாய்.

தண்டல் கணக்கு என்னை உலுக்கிவிட்டது. 9,000 கைக்கு வருகிறது, மறுநாளிலிருந்தே திரும்பப் போகிறது. வட்டிக்கு வட்டி சேர்க்காமலே ஆண்டுக்கு 77 சதவீதத்துக்கு மேல். நான் போட்டது சரியா என்று டீச்சர் பார்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை_ஆசிரியை:

சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நூறு நாளில் சராசரியாக அந்தப் பெண்ணின் கையில் இருந்த கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி. குழுத்தலைவிக்கு ஒன்று சொல்கிறேன். கடன் கொடுப்பவரிடம், "குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்? செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை?" என்று எழுத்தில் கேளுங்கள். வங்கியும் வங்கிசாரா நிதி நிறுவனமும் சில்லறைக் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று தர வேண்டும், அதில் இந்த ஆண்டு விகிதம் இருக்கும்.

புதுவயல்_குழுத்தலைவி:

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பிள்ளை போட்ட கணக்கை அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். ஏலச்சீட்டுக்கும் இப்படிப் போட முடியுமா?

செக்காலை_மாணவி:

முடியும் அக்கா. எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள், மற்ற மாதங்களில் கழிவு எவ்வளவு வந்தது என்று எழுதி அனுப்புங்கள். முதல் மாதம் எடுத்தவர் கடன் வாங்கியவர், கடைசி மாதம் எடுத்தவர் சேமித்தவர். இரண்டு பேருக்கும் தனித்தனி விகிதம் வரும்.

பழைய_பேரேடு:

அதோடு சீட்டு பதிவு ஆனதா என்று பாருங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு எண் இல்லாத சீட்டில் தெரிந்தவர் என்பதற்காகப் பெரிய தொகை கட்டாதீர்கள். ஈமு கோழி முதலீட்டு மோசடிக் காலத்தில் படித்தவர்கள்கூட வட்டியை மட்டும் பார்த்துப் போட்டார்கள். கோழி முட்டையை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஆத்தங்குடி_கணக்கர்:

நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழில் ஓடத் தேவையான பணம் என்ற பாடம் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பி.காம் முடித்து, சி.ஏ இன்டர் எழுதிக்கொண்டே பூக்கல் (தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்) பட்டறைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன்.

பட்டறையில் வேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. சாயம் கலந்த சிமெண்ட் கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்க வேண்டும். கை நடுங்கினால் சிவப்பும் மஞ்சளும் கலந்து அந்தக் கல் வீண். அதன்மேல் உலர்ந்த கலவை தூவி, பின்பக்கம் சிமெண்ட் மணல் பூசி மட்டம் செய்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்காக ஊறப் போடுவார்கள். அப்புறம் வெயில்.

சிமெண்டுக்கு ரொக்கம். ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி. சென்னையிலோ பெங்களூரிலோ வீடு கட்டுகிறவரின் காண்ட்ராக்டர் கல் பதித்து முடித்த பிறகுதான் காசு தருவார். ஒரு பேச்சுக்கு வாரச் செலவு 40,000 ரூபாய் என்று வையுங்கள். கல் தயாராக 15 நாள், பணம் வர 60 நாள். எழுபத்தைந்து நாள் செலவு, அதாவது 4 லட்சத்துக்கும் மேல், எப்போதும் வெளியே நிற்கும். ஆர்டர் இரண்டு மடங்கானால் எல்லாரும் வாழ்த்துவார்கள். வெளியே நிற்கும் பணமும் இரண்டு மடங்காகிறது என்று யாரும் சொல்வதில்லை. லாபக் கணக்கு பச்சையாக இருக்கும்போதே சனிக்கிழமைக் கூலிக்கு நகை அடகுக்குப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஐயா சொன்ன பர்மாக் கதை எனக்கு அன்னியமாகத் தெரியவில்லை. ஏட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் வேறு வேறு.

படித்ததால் என்ன செய்ய முடிந்தது? ஒரு பட்டறையில் பாதித் தொகை முன்பணம் என்று மாற்றினோம். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்தோம். சிறு, குறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காலத்தில் தராவிட்டால் வாங்கிய கம்பெனி அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. இதைப் பில்லிலேயே அச்சடித்தோம். கட்டுமானக் கம்பெனிகளிடம் மாற்றம் தெரிந்தது.

கோட்டையூர்_தம்பி:

டீச்சர், கணக்கர் அண்ணே, எல்லாவற்றையும் படித்தேன். நண்பர்களிடம் வருட அறிக்கை கேட்டேன், ஒருவனும் காட்டவில்லை. சரி, ஆப்ஷன் வேண்டாம். ஆனால் முதலீடே வேண்டாம் என்று ஆகிவிடாதே? டெபாசிட்டில் மட்டும் போட்டு வைத்தால் விலைவாசி தின்றுவிடும் என்றும் சொல்கிறார்களே?

தேவகோட்டை_ஆசிரியை:

நல்ல கேள்வி. கண்டிப்பாக முதலீடு வேண்டும். வரிசை மட்டும் மாறக் கூடாது. அதிக வட்டிக் கடனை முதலில் அடை. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எடுத்த எடுப்பில் கிடைக்கும் இடத்தில் வை. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து அந்த அளவு. அதற்கு மேல் போனால் வங்கிகளைப் பிரித்துக்கொள். பிறகு பத்து வருடம் தொட வேண்டியதில்லை என்ற பணத்துக்குத்தான் பங்குச் சந்தை. தொடங்குபவருக்கு நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும்.

செலவு விகிதத்தை, அதாவது ஃபண்ட் ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணத்தைப் பார்க்காமல் எதையும் வாங்காதே. 2013 ஜனவரியிலிருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டிலும் இடைத்தரகு இல்லாத டைரக்ட் பிளான் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய், முப்பது வருடம். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 56 லட்சம். கட்டணத்தில் ஒரு சதவீதம் போய் 10 ஆனால் சுமார் 45 லட்சம். போட்டது இரண்டிலும் 7,20,000 தான். அந்த வளர்ச்சியை யாரும் உறுதி சொல்ல முடியாது. கட்டணம் மட்டும் உறுதியாகப் போகும். உறுதியான லாபம் என்று எவராவது விளம்பரம் செய்தால் அவரிடம் செபி பதிவு எண் கேள்.

கடைசியாக மனசு பற்றிய பாடம். நஷ்டம் தரும் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியை விடப் பெரியது என்று உளவியல் அறிஞர்கள் கானிமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டினார்கள். விலை ஏறிய பங்கை அவசரமாக விற்றுவிட்டு, விழுந்ததை வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். நடத்தை நிதியியல் என்று விருப்பப் பாடம் இருந்தால் விடாதே.

புதுவயல்_குழுத்தலைவி:

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எது போட்டாலும் உங்கள் பேரில் போடுங்கள், நாமினி எழுதுங்கள். கணவர் இறந்த பிறகு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அலையும் பெண்களை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

பழைய_பேரேடு:

ஆச்சி சொல்வது முக்கியம். பழைய கடைக் கணக்குகளில் ஆச்சிமார் (வீட்டுப் பெண்கள்) பணத்துக்குத் தனிப் பற்றுவரவு இருக்கும். கல்யாணத்தில் வந்த சீதனப் பணம் வட்டியோடு அவர்கள் பேரிலேயே வளரும். அது நல்ல வழக்கம்.

செக்காலை_மாணவி:

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் பெட்டியடிப் பையன் விவரத்தைச் சொன்னேன். "அது படிப்புத்தான், நீயும் படி" என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். எம்.பி.ஏ, சி.ஏ, இதில் எது? செலவுக்குக் கல்விக் கடன் வாங்கலாமா?

ஆத்தங்குடி_கணக்கர்:

கணக்கும் வரியும் தணிக்கையும் பிடித்தால் சி.ஏ. பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர் சேரலாம். 2023-இல் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி) இரண்டு வருடம், அப்போது உதவித்தொகையும் உண்டு. கட்டணம் குறைவு, உழைப்பு அதிகம். முதலீடு, வங்கி, நிறுவன நிதி என்று போக விருப்பம் என்றால் எம்.பி.ஏ. அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இலிருந்து நம் ஊரிலேயே இருக்கிறது, ஹாஸ்டல் செலவு மிச்சம். எதை எடுத்தாலும் செபியின் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம் நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வை இப்போதே எழுதுங்கள். பாடம் இலவசமாகக் கிடைக்கும், வேலைக்குப் போகும்போதும் உதவும்.

பழைய_பேரேடு:

கல்விக் கடன் 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது, உன் பங்குத் தொகையும் கேட்கக் கூடாது. கல்விக் கடனுக்கான அரசு இணையதளமான வித்யாலட்சுமியில் விண்ணப்பி. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஓடும். முடிந்தால் மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வா, பின்னால் சுமை குறையும். படிப்பு முடித்தவர்களுக்கு அங்கே முதல் வருடம் என்ன சம்பளம் கிடைக்கிறது என்று சீனியர்களிடம் கேட்டு, தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

தேவகோட்டை_ஆசிரியை:

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்குப் பெரிய கம்பெனியின் அறிக்கையை இறக்கி விகிதம் போடுவதுதான் எல்லாரும் செய்வது. நீங்கள் வீட்டுப் பலகாரத் தொழிலின் பண ஓட்டத்தை எடுங்கள்.

செக்காலை_மாணவி:

எடுக்க ஆசைதான் டீச்சர். அப்பா எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறார். சில ஆர்டர் மனசிலேயே இருக்கும். எங்கே தொடங்குவது?

ஆத்தங்குடி_கணக்கர்:

பழையதைத் தோண்ட வேண்டாம். அடுத்த முகூர்த்த ஆர்டரிலிருந்து ஒரு நோட்டில் நாலு பத்தி போடுங்கள். யார் வீடு, எவ்வளவு தொகை, பலகாரம் போன தேதி, பணம் வந்த தேதி. முன்பணம் வாங்கினால் அதற்கு ஒரு வரி. எண்ணெய், அரிசி, வெல்லம் வாங்கிய தேதியை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். ஆடி, மார்கழியில் கல்யாணம் இருக்காது, அந்த மாதங்களையும் விடாமல் எழுதினால்தான் எப்போது கை வறள்கிறது என்று தெரியும். தை மாத முடிவில் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.